பழி மாட்யூல் மேல், பிழை வேறெங்கோ

கம்பைலர் ஒரு எரர்கூடச் சொல்லவில்லை. கம்பைல் ஆன கோடை லைப்ரரிகளோடு இணைக்கும் லிங்கரும் தன் வேலையை முடித்துவிட்டது. சோதனைகளை ஓட்டும் ‘மேக் டெஸ்ட்’ கட்டளையைத் தட்டியதும் முதல் சோதனையிலேயே எல்லாம் சரிந்தது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸோடு பேசுவதற்கான பெர்ல் மாட்யூலை ஏற்ற முடியவில்லை, ‘மைஎஸ்க்யூஎல் இனிட்’ என்ற சிம்பல், அதாவது ஃபங்ஷனின் பெயர், கிடைக்கவில்லை என்று ஒரு நீண்ட வாக்கியம் திரையில் வந்து நின்றது. 2009ஆம் ஆண்டின் கடைசி அது. என் ஆப்பிள் மேக்கில் ஸ்னோ லெப்பர்டு என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் பதிப்பை ஏற்றிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முந்தைய வாரம் வரை இதே ஸ்கிரிப்ட், இதே டேட்டாபேஸ், எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

எரரில் மாட்யூலின் பெயர் இருந்ததால் மாட்யூலைப் பிடித்துக்கொண்டேன். அழித்தேன், மறுபடி இறக்கினேன், மறுபடி கம்பைல் செய்தேன். பழைய பதிப்பு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். சோதனையைத் தாண்டி வலுக்கட்டாயமாக நிறுவும் வசதி இருக்கிறதே, அதையும் பயன்படுத்தினேன். நிறுவியது. ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கி, டேட்டாபேஸோடு இணைகிற வரிக்கு வந்ததும் அதே இடத்தில் விழுந்தது. அன்றைய மாலை முழுவதும் போனது. அதற்குப் பிறகு பைத்தானிலும் ரூபியிலும், லினக்ஸிலும் விண்டோஸிலும் இதே நோயை வேறு வேறு முகங்களில் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் எரர் கைகாட்டியது மாட்யூலை. ஒருமுறைகூட மாட்யூலின் கோடில் பிழை இருந்ததில்லை. யாராவது இந்த எரரோடு வந்து நின்றால் மாட்யூலை மறுபடி நிறுவு என்று சொல்ல எனக்கு வாய் வராததற்குக் காரணம் இதுதான்.

ஸ்கிரிப்ட் மொழியிலிருந்து டேட்டாபேஸைத் தொடுகிறோம் என்றால் அங்கே மூன்று தரப்புகள் இருக்கின்றன. முதலாவது இன்டர்ப்ரெட்டர்: பெர்லோ பைத்தானோ ரூபியோ, ஓடிக்கொண்டிருக்கிற ப்ராசஸ் அதுதான். மூன்றாவது டேட்டாபேஸின் கிளையன்ட் லைப்ரரி. மைஎஸ்க்யூஎல்லுக்கு ‘லிப்மைஎஸ்க்யூஎல்கிளையன்ட்’, போஸ்ட்கிரெஸுக்கு ‘லிப்பிக்யூ’. இரண்டும் சி மொழி உலகத்தைச் சேர்ந்தவை. இன்டர்ப்ரெட்டருக்கும் லைப்ரரிக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளராக நிற்பது மாட்யூல். இந்தப் பக்கம் இன்டர்ப்ரெட்டரின் கையைப் பிடிக்க வேண்டும், அந்தப் பக்கம் லைப்ரரியின் கையைப் பிடிக்க வேண்டும். மூன்றும் ஒரே ப்ராசஸுக்குள், ஒரே நினைவகத்துக்குள் வாழ வேண்டும்.

ஒரு ப்ராசஸ் ஒரே ஆர்க்கிடெக்சரில்தான், அதாவது ஒரே சிப் வகையிலும் ஒரே பிட் அளவிலும்தான் ஓடும். இதற்கு விலக்கே கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம். 32 பிட் ப்ராசஸில் ஒரு பாயின்டர், அதாவது நினைவக முகவரி, 4 பைட், 64 பிட்டில் 8 பைட். ஒரு ஃபங்ஷனை அழைக்கும்போது அதற்கான மதிப்புகளை எங்கே வைப்பது என்பதிலும் உடன்பாடு வேறு. பழைய இன்டெல் 32 பிட்டில் எல்லாம் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் போகும். 64 பிட் இன்டெல்லான எக்ஸ்86-64இல், லினக்ஸிலும் மேக்கிலும், முதல் ஆறு முழு எண்கள் சிப்புக்குள்ளேயே இருக்கிற ரெஜிஸ்டர்களில் போகும். ஆர்ம்64இல் முதல் எட்டு. ஆர்ம் சிப்புக்கும் இன்டெல் சிப்புக்கும் இடையே என்றால் கட்டளைகளே வேறு மொழி. எனவே கோப்பை நினைவகத்தில் ஏற்றுகிற லோடர் ஒரு கோப்பைத் திறந்ததும் முதலில் பார்ப்பது ‘நீ எந்த ஆர்க்கிடெக்சர்’ என்பதைத்தான். பொருந்தவில்லை என்றால் உள்ளே விடாது. அப்படித் தடுப்பது நமக்கு நல்லதுதான். தடுக்காமல் விட்டால் நம் டேட்டா என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தத் தகவல் கோப்பின் தலையிலேயே எழுதியிருக்கிறது. லினக்ஸில் கம்பைல் செய்த எந்த நிரல் கோப்பையும் பைட் பைட்டாகத் திறந்து பாருங்கள். முதல் எண் 127. அடுத்த மூன்று 69, 76, 70, அதாவது இ, எல், எஃப் என்ற எழுத்துகள். ஐந்தாவது பைட்தான் முக்கியம். அது 1 என்றால் 32 பிட், 2 என்றால் 64 பிட். ‘தவறான எல்ஃப் கிளாஸ்’ என்று லினக்ஸ் புலம்புகிறதே, அது இந்த ஒரே ஒரு பைட்டைப் பற்றித்தான். இன்னும் கொஞ்சம் தள்ளி, தொடக்கத்திலிருந்து 18 பைட் தாண்டினால் ப்ராசஸர் வகை வரும். 3 என்றால் பழைய இன்டெல், 62 என்றால் எக்ஸ்86-64, 183 என்றால் ஆர்ம்64. இதை ஒருமுறை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டால், அப்புறம் ஆர்க்கிடெக்சர் என்ற சொல் பூச்சாண்டி காட்டாது. கோப்பில் எழுதியிருக்கிற ஒரு எண், அவ்வளவுதான்.

மேக்கில் இது கொஞ்சம் சுவாரசியமானது. ஒரே கோப்புக்குள் பல ஆர்க்கிடெக்சர்களுக்கான துண்டுகளை அடுக்கி வைக்கலாம். 1993இல் வந்த நெக்ஸ்ட்ஸ்டெப் 3.1 காலத்திலிருந்தே இருக்கிற வழக்கம் இது. அப்படி அடுக்கிய கோப்பின் முதல் நான்கு பைட்டை பதினாறடிமான எண்ணாக எழுதினால் ‘கஃபேபேப்’ என்று வாசிக்கலாம். ஜாவா கிளாஸ் கோப்பின் தலையிலும் அதே நான்கு பைட்தான்! ஒரு கோப்பு என்ன வகை என்று சொல்லும் ‘ஃபைல்’ கட்டளை இரண்டையும் பிரித்தறிய அடுத்து வரும் எண்ணைப் பார்க்கிறது. மேக் கோப்பில் அந்த இடத்தில் துண்டுகளின் எண்ணிக்கை இருக்கும், இரண்டோ மூன்றோ. ஜாவாவில் அங்கே பதிப்பு எண் இருக்கும், அது 45க்குக் குறையாது.

என் 2009 கதைக்கு வருகிறேன். ஸ்னோ லெப்பர்டோடு வந்த பெர்ல் 5.10.0. அதன் கோப்புக்குள் 32 பிட் துண்டும் இருந்தது, 64 பிட் துண்டும் இருந்தது. 64 பிட் ஓடக்கூடிய ப்ராசஸர் என்றால் 64 பிட் துண்டுதான் முதலில் எடுக்கப்படும். முந்தைய லெப்பர்டில் நான் ஓட்டிய பெர்ல் 32 பிட். நான் இறக்கி வைத்திருந்த மைஎஸ்க்யூஎல் தொகுப்பும் 32 பிட். பொருந்தியிருந்தது. சிஸ்டத்தை மாற்றியதும் இன்டர்ப்ரெட்டர் மட்டும் 64க்குத் தாவிவிட்டது, லைப்ரரி பழைய இடத்திலேயே நின்றது. நான் எதையும் தொட்டதாக நினைக்கவில்லை. ஆனால் மூன்று தரப்பில் ஒன்று என் காலடியில் நகர்ந்திருந்தது.

சரி, லைப்ரரி பொருந்தவில்லை என்றால் லிங்கர் ஏன் அப்போதே நிறுத்தவில்லை? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த அன்றுதான் இந்த நோயே எனக்குப் புரிந்தது.

சாதாரண நிரல் ஒன்றைக் கட்டும்போது, ஏதாவது ஒரு ஃபங்ஷன் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் லிங்கர் எரர் சொல்லி நின்றுவிடும். ஸ்கிரிப்ட் மொழியின் மாட்யூல் அப்படிப்பட்டதல்ல. அது தனியாக ஓடாது, இன்டர்ப்ரெட்டருக்குள் ஏற்றப்படும். அதற்குத் தேவையான பெர்ல் ஃபங்ஷன்கள் எல்லாம் ஓடுகிற பெர்லுக்குள் இருக்கின்றன, கட்டும் நேரத்தில் கையில் இல்லை. எனவே மேக்கில் இந்த மாட்யூல்களைக் கட்டும்போது, ‘கிடைக்காத சிம்பல்களைப் பற்றிக் கவலைப்படாதே, ஓடும்போது தேடிக்கொள்ளலாம்’ என்று லிங்கருக்கு ஒரு சலுகை கொடுக்கப்படுகிறது. லினக்ஸில் பகிரப்படும் லைப்ரரிகளுக்கு இயல்பாகவே இந்தச் சலுகை உண்டு.

வம்பு இங்கேதான் தொடங்குகிறது. பெர்லின் ஃபங்ஷன்களுக்காகக் கொடுத்த சலுகை மைஎஸ்க்யூஎல்லின் ஃபங்ஷன்களுக்கும் சேர்ந்து பொருந்திவிடுகிறது. லிங்கர் லைப்ரரியைத் திறக்கிறது, ஆர்க்கிடெக்சர் வேறு என்று பார்க்கிறது, ‘இந்தக் கோப்பு தேவையான ஆர்க்கிடெக்சரில் இல்லை’ என்று ஒரு எச்சரிக்கையை மட்டும் எழுதிவிட்டு அதை ஒதுக்கி வைக்கிறது. பிறகு மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்கள் எதுவும் கிடைக்கவில்லை. பரவாயில்லை, ஓடும்போது தேடிக்கொள்ளலாம் என்று வேலையை முடித்துவிடுகிறது. நமக்குக் கிடைப்பது லைப்ரரியே இணைக்கப்படாத ஒரு மாட்யூல், ஆனால் வெற்றிகரமாகக் கட்டப்பட்டது. ஏற்றும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது. அதுவும் எப்போதும் உடனே இல்லை. பெர்லில் மாட்யூலின் சோதனை ஓடும்போது எல்லா சிம்பல்களையும் முதலிலேயே தேடச் சொல்லும் ஒரு அமைப்பு இருப்பதால் அங்கேயே பிடிபடும். சாதாரண ஓட்டத்தில் சிம்பல்கள் தேவைப்படும்போதுதான் தேடப்படும். எனவே மாட்யூல் சமர்த்தாக ஏறிவிட்டு, இணைப்பு கேட்கிற வரியில் போய் விழும். நான் வலுக்கட்டாயமாக நிறுவியபோது நடந்தது அதுதான்.

ஆகவே ஏற்றும் நேரத்து எரரைக் காட்டிலும் கட்டும் நேரத்து எச்சரிக்கைதான் உண்மையை முதலில் சொல்கிறது. நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும்போது அதில் ஒரு வரி அது. லினக்ஸில் ‘பொருந்தாததைத் தாண்டிச் செல்கிறேன்’ என்று எழுதிவிட்டு லிங்கர் வேறு கோப்புறைகளில் தேடும், எங்கும் சரியானது இல்லை என்றால் ‘லைப்ரரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று நின்றுவிடும். நின்றுவிடுவதே நல்லது. கோப்பு கண்ணெதிரே இருக்கும்போது கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறதே என்று குழம்புவார்கள். அதற்கு மேலே உள்ள வரியைப் படித்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

அன்று நான் கண்டுபிடித்த முதல் தீர்வு தவறான தீர்வு. பெர்லை 32 பிட்டில் ஓட வைக்க ஸ்னோ லெப்பர்டில் ஒரு சூழல் மாறி, அதாவது நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு, உண்டு. அதை டெர்மினலில் அமைத்தேன். பெர்ல் 32 பிட்டுக்கு இறங்கியது, லைப்ரரியோடு பொருந்தியது, ஸ்கிரிப்ட் ஓடியது. நிம்மதியாகப் படுத்தேன். அந்த ஸ்கிரிப்ட் இரவு கிரானில், அதாவது குறித்த நேரத்தில் நிரல்களைத் தானே ஓட்டும் வசதியில், ஓட வேண்டியது. கிரான் என் டெர்மினலின் சூழல் மாறிகளைப் பார்ப்பதில்லை. அங்கே பெர்ல் மறுபடி 64 பிட்டில் எழுந்து, மறுபடி விழுந்தது. காலையில் பதிவுக் கோப்பைத் திறந்தால் அதே வாக்கியம்.

அந்த வகைத் தீர்வை இப்போதும் பலர் பரிந்துரைக்கிறார்கள். அவசரத்துக்கு அதில் தவறில்லை. ஆனால் இன்டர்ப்ரெட்டரைக் கீழே இறக்கினால் அந்த இன்டர்ப்ரெட்டரை அழைக்கிற ஒவ்வொரு இடத்திலும் இறக்க வேண்டும். கிரான், வெப் சர்வர், எடிட்டர், இன்னொரு ஸ்கிரிப்ட் என்று ஒவ்வொன்றும் வேறு வாசல். ஒரு வாசலை மறந்தாலும் போதும். இன்டர்ப்ரெட்டரை அப்படியே விட்டுவிட்டு லைப்ரரியை அதற்கேற்ப மாற்றுவதுதான் உறுதியான வழி. மறுநாள் 64 பிட் மைஎஸ்க்யூஎல் தொகுப்பை நிறுவி, மாட்யூலின் பழைய கட்டுமானக் கோப்புறையை முழுதாக அழித்து, புதிதாகக் கட்டினேன். முழுதாக அழித்தேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பாதிக் கோப்புகள் பழைய ஆர்க்கிடெக்சரில் கிடந்தால் கட்டுமானக் கட்டளையான ‘மேக்’ அவற்றின் நேரத்தை மட்டும் பார்த்து, புதிதாகத்தான் இருக்கின்றன என்று தொடாமல் விட்டுவிடும்.

இங்கே ஒரு தவறான புரிதலைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இதனால் சிலர் பெரிய ஆபத்தில் இறங்குகிறார்கள். ஆர்க்கிடெக்சர் பொருந்தவில்லை என்றதும் டேட்டாபேஸ் சர்வரையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவக் கிளம்புவார்கள். சர்வருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சர்வர் தனி ப்ராசஸ். நம் ஸ்கிரிப்ட் அதோடு பேசுவது சாக்கெட் வழியாக, பைட்டுகளின் வரிசை எப்படி இருக்க வேண்டும் என்று முன்பே ஒப்புக்கொண்ட ஒரு நெறிமுறையில். 32 பிட் கிளையன்ட் 64 பிட் சர்வரோடு தாராளமாகப் பேசும். ஆர்ம் கணினியில் ஓடுகிற பைத்தான் இன்டெல் கணினியில் ஓடுகிற போஸ்ட்கிரெஸோடு பேசும். பொருந்த வேண்டியது நம் ப்ராசஸுக்குள் ஏறுகிற கிளையன்ட் லைப்ரரி மட்டும். நானும் அன்று தொகுப்பை மாற்றினேன்தான், ஆனால் அந்தத் தொகுப்பில் கிளையன்ட் லைப்ரரியும் சேர்ந்து வந்தது என்பதற்காக மட்டுமே. சர்வரில் டேட்டா இருக்கிறது. ஒரு மாட்யூல் ஏறவில்லை என்பதற்காகத் தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள்.

மாட்யூல் எந்த ஆர்க்கிடெக்சரில் கட்டப்படும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. தீர்மானிப்பது இன்டர்ப்ரெட்டர். தன்னைக் கட்டியபோது கம்பைலருக்குக் கொடுக்கப்பட்ட அமைப்புகளை பெர்லும் பைத்தானும் ரூபியும் தமக்குள் எழுதி வைத்திருக்கின்றன, மாட்யூல் கட்டும்போது அதே அமைப்புகளைக் கம்பைலருக்குக் கொடுக்கின்றன. ஸ்னோ லெப்பர்டின் பெர்ல் 64 பிட் இன்டெல், 32 பிட் இன்டெல், பழைய மேக்குகளின் சிப்பான பவர்பிசி என்ற மூன்றையும் கேட்கும். நம் கணினியில் பவர்பிசி ஓடாவிட்டாலும் கேட்கும். 2011 மார்ச்சில் வந்த, ஆப்பிளின் நிரலாக்கத் தொகுப்பான எக்ஸ்கோட் 4இல் பவர்பிசிக்கான அசெம்ப்ளர் இல்லை. உடனே மாட்யூல்கள் எல்லாம் ‘பவர்பிசிக்கான அசெம்ப்ளர் நிறுவப்படவில்லை’ என்று நின்றன. பவர்பிசியை யாரும் கேட்கவில்லையே என்று திகைத்தவர்கள் அநேகம் பேர். கேட்டது இன்டர்ப்ரெட்டர். இதற்கு ‘ஆர்ச்ஃப்ளாக்ஸ்’ என்ற சூழல் மாறியில் வேண்டிய ஆர்க்கிடெக்சரை மட்டும் எழுதிவிட்டுக் கட்டினால் போதும். இது கட்டும்போது மட்டும் வேலை செய்கிற மாறி, ஓடும்போது அல்ல. அதனால் கிரானில் நான் பட்ட பாடு இதில் கிடையாது.

லைப்ரரி எங்கிருந்து வருகிறது என்பதைத் தீர்மானிப்பது வேறொரு சிறிய நிரல். மைஎஸ்க்யூஎல்லுக்கு ‘மைஎஸ்க்யூஎல் கான்ஃபிக்’, போஸ்ட்கிரெஸுக்கு ‘பிஜி கான்ஃபிக்’. ஹெடர் எங்கே, லைப்ரரி எங்கே என்று மாட்யூல் இவற்றிடம்தான் கேட்கிறது. கணினியில் இவை இரண்டு இடங்களில் இருந்தால், பாதையில் முதலில் வருவது வெல்லும். ஆர்ம் மேக்குகளில் இது அடிக்கடி நடக்கிறது. மேக்கில் நிரல்களை நிறுவித் தரும் ஹோம்ப்ரூ இன்டெல்லில் ‘யுஎஸ்ஆர் லோக்கல்’ கோப்புறையிலும் ஆர்மில் ‘ஆப்ட் ஹோம்ப்ரூ’ கோப்புறையிலும் தன்னை வைத்துக்கொள்கிறது. பழைய கணினியிலிருந்து எல்லாவற்றையும் அப்படியே புதியதற்கு மாற்றிக் கொண்டுவந்தவர்களிடம் இரண்டும் இருக்கும். மாட்யூல் ஒரு வீட்டிலிருந்து இன்டர்ப்ரெட்டரையும் இன்னொரு வீட்டிலிருந்து லைப்ரரியையும் எடுத்துக்கொள்ளும்.

எனவே என் வழக்கம் இப்போது இதுதான். எரர் வந்ததும் எதையும் நீக்குவதில்லை. முதலில் இன்டர்ப்ரெட்டரிடமே கேட்கிறேன், நீ எதில் ஓடுகிறாய் என்று. பைத்தானில் ‘பிளாட்ஃபார்ம்’ மாட்யூலின் ‘மெஷின்’ ஃபங்ஷன் சொல்லிவிடும். பெர்லில் பெரிய வி கொடுத்தால் ‘ஆர்ச்நேம்’ வரும், ஆனால் அது கட்டியபோது வைத்த பெயர். பல துண்டுகள் உள்ள பெர்ல் என்றால் பாயின்டர் அளவையும் சேர்த்துக் கேட்க வேண்டும். எந்த இடத்தில் ஸ்கிரிப்ட் விழுகிறதோ அதே இடத்திலிருந்து கேட்க வேண்டும் என்பது முக்கியம். கிரானில் விழுந்தால் கிரானிலிருந்து. பிறகு லைப்ரரியின் மேல் ‘ஃபைல்’ கட்டளை. கடைசியாகத்தான் மாட்யூல். புதிய மேக்கில் எரர் செய்தியே ‘இருப்பது இது, வேண்டியது அது’ என்று இரண்டையும் சொல்லிவிடுகிறது. வேண்டியது என்பது ஓடிக்கொண்டிருக்கிற ப்ராசஸின் குரல், இருப்பது என்பது கோப்பின் தலையில் எழுதியிருப்பது. பலர் இதைத் திருப்பிப் படித்துவிட்டு எதிர்த்திசையில் போகிறார்கள்.

விண்டோஸில் செய்தி இன்னும் மங்கலானது. ‘இது சரியான வின்32 அப்ளிகேஷன் அல்ல’ என்று வரும். எரர் எண் 193. கோப்பு கெட்டுவிட்டதோ என்று தோன்றும். பெரும்பாலும் 64 பிட் பைத்தான் 32 பிட் டிஎல்எல்லை, அதாவது விண்டோஸ் லைப்ரரிக் கோப்பை, திறக்க முயன்றிருக்கும், அல்லது நேர்மாறாக. டேட்டாபேஸ்களோடு இணைவதற்கான பொது முறையான ஓடிபிசியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 64 பிட் விண்டோஸில் ஓடிபிசி அமைப்பு நிரல் இரண்டு இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே கோப்புப் பெயர், பெயரின் முடிவில் 32 என்ற எண். ‘சிஸ்டம்32’ கோப்புறையில் இருப்பது 64 பிட். ‘சிஸ்வாவ்64’ கோப்புறையில் இருப்பது 32 பிட். பெயரை நம்பினால் தலைகீழாகப் போய்விடும். ஒன்றில் அமைத்த இணைப்பும் டிரைவரும் மற்றொன்றில் ஓடுகிற ஸ்கிரிப்டுக்குக் கிடைக்காமல் போவதற்கு இதுதான் காரணம்.

நிரலைத் தனிச் சூழலில் அடைத்து ஓட்டும் கன்டெய்னர்களில் வேறொரு விதம். மேக்கில் நிறுவிய மாட்யூல் கோப்புறையை அப்படியே லினக்ஸ் கன்டெய்னருக்குள் இணைத்துவிடுவார்கள். உள்ளே லோடர் முதல் நான்கு பைட்டைப் பார்க்கும், 127இல் தொடங்கவில்லை, ‘செல்லாத எல்ஃப் தலைப்பு’ என்று சொல்லிவிடும். இதற்கு மருந்து எளிது. மாட்யூல்களைக் கன்டெய்னருக்குள்ளேயே நிறுவ வேண்டும், வெளியிலிருந்து எடுத்துப் போகக் கூடாது.

கம்பைல் செய்யவே வேண்டாம் என்று ஒரு கட்சி உண்டு. பைமைஎஸ்க்யூஎல், பிஜி8000 போன்றவை முழுக்கப் பைத்தானிலேயே எழுதப்பட்டவை, கிளையன்ட் லைப்ரரியைத் தொடுவதில்லை. சாக்கெட்டைத் திறந்து நெறிமுறையைத் தாமே பேசுகின்றன. ஆர்க்கிடெக்சர் என்ற பேச்சுக்கே இடமில்லை. வேகம் குறைவு என்பது உண்மை, ஆனால் ஒரு நாளைக்குச் சில ஆயிரம் வரிகள் எடுக்கிற ஸ்கிரிப்டுக்கு அந்த வேறுபாடு தெரியப்போவதில்லை. அப்படிப்பட்ட இடங்களில் நான் தயங்காமல் இவற்றைத்தான் போடுகிறேன். பைத்தானுக்கு முன்பே கட்டப்பட்டு வரும் ‘வீல்’ தொகுப்புகளும் நல்லவை. கோப்பின் பெயரிலேயே ஆர்க்கிடெக்சர் எழுதியிருக்கும், கிளையன்ட் லைப்ரரியும் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். ஆனால் லட்சக்கணக்கான வரிகளைப் புரட்டுகிற வேலைக்கும், குறிப்பிட்ட லைப்ரரிப் பதிப்பு தேவைப்படுகிற இடத்துக்கும் கட்டித்தான் ஆக வேண்டும்.

சில காலத்துக்கு முன் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் அழைத்தான்.

“அண்ணா, ஒண்ணும் புரியல. அதே பைத்தான், அதே மாட்யூல். டெர்மினல்ல ஓடுது, எடிட்டருக்குள்ள இருக்கிற டெர்மினல்ல ஓடல. சிம்பல் கிடைக்கலன்னு வருது.”

“மாட்யூல் மேல ஃபைல் அடிச்சுப் பாத்தியா?”

“பாத்தேன் அண்ணா. ரெண்டு ஆர்க்கிடெக்சரும் இருக்கு. எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

அங்கேதான் எனக்கும் ஒரு நிமிடம் தடுக்கியது. மாட்யூல், போஸ்ட்கிரெஸோடு பேசும் சைக்கோபிஜி2. பைத்தான் இரண்டு துண்டுகள் கொண்டது, எனவே மாட்யூலையும் இரண்டு துண்டாகவே கட்டியிருந்தது. ‘ஃபைல்’ கட்டளையின் கணக்கில் எந்தக் குறையும் இல்லை.

“ரெண்டு இடத்துலயும் பைத்தான் கிட்ட மெஷின் என்னன்னு கேளு.”

கேட்டான். வெளியே ஆர்ம்64. எடிட்டருக்குள் எக்ஸ்86-64. அவன் வைத்திருந்த எடிட்டர் இன்டெல் பதிப்பு, இன்டெல் நிரல்களை ஆர்ம் மேக்கில் ஓட்டும் ரொசெட்டாவின் மொழிபெயர்ப்பில் ஓடிக்கொண்டிருந்தது. அப்படி ஓடுகிற நிரலுக்குள்ளிருந்து இரண்டு துண்டு உள்ள பைத்தானை அழைத்தால் அது இன்டெல் துண்டாகவே எழும். சரி, அப்படியே எழுந்தாலும் மாட்யூலில் இன்டெல் துண்டு இருக்கிறதே, அது ஏன் விழ வேண்டும்?

“ஓடூல் தெரியுமா? மாட்யூல் எந்தெந்த லைப்ரரியைக் கேக்குதுன்னு சொல்லும். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியா கேட்டுப் பாரு.”

ஆர்ம் துண்டின் பட்டியலில் லிப்பிக்யூ இருந்தது. இன்டெல் துண்டின் பட்டியலில் அந்த வரியே இல்லை. அவன் கணினியில் இருந்த லிப்பிக்யூ ஆர்ம் மட்டும். கட்டும்போது லிங்கர் ஆர்ம் துண்டுக்கு அதை இணைத்தது, இன்டெல் துண்டுக்கு ஒதுக்கிவிட்டு நடந்துவிட்டது. 2009இல் எனக்குச் செய்த அதே காரியம். ஒரே கோப்புக்குள் ஒரு துண்டு முழுமை, இன்னொன்று வெறும் கூடு.

எடிட்டரின் ஆர்ம் பதிப்பை இறக்கிப் போடச் சொன்னேன். போட்டான், ஓடியது. ஆனாலும் அவன் அதோடு விடவில்லை. பைத்தான் மாட்யூல்களை நிறுவும் பிப், நல்லபடியாக முடிந்த கட்டுமானத்தின் விவரத்தைக் காட்டாது என்று தெரிந்துகொண்டு, கேஷ் செய்த வீலைத் தொடாமல், விவரத்தோடு முதலிலிருந்து கட்ட வைத்திருக்கிறான். அரை மணி நேரம் கழித்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. வரிகளின் கூட்டத்தின் நடுவே ஒன்றைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தான். ‘கோப்பை ஒதுக்குகிறேன், எக்ஸ்86-64க்குக் கட்டுகிறேன், கோப்போ ஆர்ம்64க்குக் கட்டப்பட்டது’ என்ற லிங்கரின் எச்சரிக்கை. கீழே ஒரு வரி எழுதியிருந்தான்.

“மூணு நாள் முன்னாடி நிறுவினப்பவே இது சொல்லியிருக்கு அண்ணா.”